நந்தியாவட்டையை மொட்டையாக்கும் புழு, கிணற்றடிச் சுவரில் வந்த பச்சைப் பூச்சி: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொல்லைப்புறம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் கொல்லை. செடி வளர்ப்பது பற்றி இங்கே நிறையப் படித்திருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை, ராத்திரி முழுக்கப் பெய்த ஐப்பசி மழை விட்டிருந்த நேரம், பல் தேய்க்கக் கிணற்றடிக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்கு மேலே சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு இலை ஒட்டியிருந்தது. எடுத்துப் போடலாம் என்று கை நீட்டினால், அதற்கு இரண்டு கண் இருக்கிறது. கையை இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அவ்வளவு பெரிய பூச்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. இறக்கையை விரித்துப் பின்பக்கமாகச் சாய்த்து, ஜெட் விமானம் நிற்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. பாசிப் பச்சை நிறம். அதற்குள்ளே வெளிர்ப் பச்சை, வெள்ளை, லேசான ரோஸ் எல்லாம் அலை அலையாக ஓடுகிறது. தரைக்குப் போடும் பளிங்குக் கல்லில் கோடு ஓடுமே, அது மாதிரி. தோள் பக்கம் இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு வெள்ளை வட்டம், நடுவில் கரும்புள்ளி. உடம்பு என் கட்டைவிரல் தடிமன், வால் பக்கம் கூராக முடிகிறது. பையனுடைய ஸ்கேலைத் தொடாமல் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை 8 சென்டிமீட்டருக்கு மேலே இருந்தது.

பகல் முழுக்க அது அசையவில்லை. செத்துவிட்டதோ என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மத்தியானம் காக்காய் கிணற்றுக் கட்டையில் வந்து உட்கார்ந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, ஒரு சாக்கை எடுத்துச் சுவரை மறைத்தாற்போலத் தொங்கவிட்டேன். சாயங்காலம் ஆறேகால் இருக்கும். விளக்கேற்றிவிட்டு வந்து சாக்கை விலக்கினேன். உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் ஜுரம் வந்த பிள்ளை மாதிரி இறக்கை படபடவென்று அடித்துக்கொள்கிறது, ஆனால் இடத்தை விட்டுக் கிளம்பவில்லை. இரண்டு மூன்று நிமிடம் அப்படியே. பிறகு ஒரே பாய்ச்சல். பப்பாளி மரத்துக்கு மேலே போனது தெரிந்தது, அதற்கப்புறம் இருட்டு.

இது முதல் விஷயம். இரண்டாவது விஷயம் எங்கள் நந்தியாவட்டை.

மூன்று செடி இருக்கிறது. மாமியார் தினமும் பிள்ளையாருக்கு நந்தியாவட்டைதான் சாத்துவார். வருஷா வருஷம் மழை ஆரம்பித்தால் இந்தச் செடிகளுக்கு ஒரு புழு வரும். பச்சைப் புழு, பெரிசானால் நடுவிரல் நீளத்துக்கு வரும். பக்கவாட்டில் ஒரு வெள்ளைக்கோடு, கோட்டை ஒட்டிப் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். வாலில் சின்னக் கொம்பு. தலைக்குக் கொஞ்சம் பின்னால் முதுகில் இரண்டு நீலக் கண், கறுப்பு விளிம்போடு. கிளையைத் தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தக் கண்ணைத் துருத்திக் காட்டும். பாம்புக்குட்டி மாதிரி இருக்கும். ஒரு வாரத்தில் கிளை கிளையாக மொட்டை. பூவும் இருக்காது, மொட்டும் இருக்காது.

இத்தனை வருஷமாகப் பார்த்த புழுவையெல்லாம் குச்சியால் தட்டிக் கீழே போட்டுச் செருப்பால் தேய்த்துவிடுவேன். போன வருஷம் மட்டும் நாற்பதுக்குக் குறையாது. இந்த வருஷம் இப்போது மூன்று பெரிய புழு இருக்கிறது. மாமியார் மருந்துக் கடையில் கேட்டு ஏதாவது வாங்கி அடித்துவிடு என்கிறார். எனக்கு மருந்து அடிக்கப் பயம், பக்கத்திலேயே கிணறு.

அந்தப் பச்சைப் பூச்சி என்ன? எங்கள் வீட்டில் அந்துப்பூச்சி என்றால் நெல் மூட்டையில் வரும் சாம்பல் நிறப் பொடிப் பூச்சிதான், விட்டில் என்றால் விளக்கில் வந்து விழுவது. இது இரண்டிலும் சேர்த்தி இல்லை. மறுபடி வருமா? அப்புறம், மருந்தில்லாமல் இந்தப் புழுவை ஒழிக்க என்ன வழி?

தேயிலைமேடு எழுதியது:

சகோதரி, வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். ஒவ்வொரு அடையாளத்தையும் அவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், படமே வேண்டியதில்லை.

சுவரில் நீங்கள் சாக்குப் போட்டுக் காப்பாற்றிய பூச்சியும், நந்தியாவட்டையில் இருக்கும் அந்த மூன்று புழுவும் ஒன்றுதான். அந்தப் புழு வளர்ந்தால் அந்தப் பூச்சி.

அரளி ஹாக் மாத் என்று சொல்வார்கள், ஹாக் மாத் என்பது அந்துப்பூச்சியில் ஒரு குடும்பம். டாஃப்னிஸ் நெரியை என்பது அறிவியல் பெயர், 1758-ல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயரில் இருந்த ‘நெரியை’ இன்றும் நிற்கிறது. நெரியம் என்றால் அரளி. நம் ஊர்களில் அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி மூன்றிலும் இதன் புழுவைப் பார்க்கலாம். மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். அரளி இலையை ஆடு மாடு தின்றால் செத்துப்போகும், இந்தப் புழு அதைத் தின்றே வளர்கிறது. நிறத்தைப் பார்த்து மிலிட்டரிப் பச்சைப் பூச்சி என்றும் சிலர் சொல்வதுண்டு.

உங்கள் வீட்டு நெல் அந்துவும் இதுவும் ஒரே பெரிய கூட்டம்தான். உலகத்தில் அந்துப்பூச்சி வகைகள் சுமார் 1,60,000 இருக்கும் என்கிறார்கள். பட்டாம்பூச்சி அதில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இல்லை. பட்டுப்புடவைக்கு நூல் கொடுப்பதும் ஒரு அந்துப்பூச்சியின் புழுதான். அடுத்த தடவை உணர்கொம்பைப் பாருங்கள். பட்டாம்பூச்சிக்கு நுனியில் தீக்குச்சித் தலை மாதிரி ஒரு குமிழ் இருக்கும். அந்துக்கு நூல் மாதிரியோ இறகு மாதிரியோ இருக்கும்.

நடுங்கியது ஜுரம் இல்லை. இவ்வளவு கனமான உடம்பைத் தூக்க இறக்கைத் தசை நன்றாகச் சூடேற வேண்டும். பறக்கும் முன்னால் இறக்கையை அப்படி உதறித்தான் சூடேற்றிக்கொள்கின்றன. நீங்கள் பார்த்தது அதைத்தான். எத்தனையோ வருஷமாகப் பூச்சி பார்க்கிறவர்களில் பலருக்கு அது கிடைத்ததில்லை.

பப்பாளி பக்கம் போனது என்று எழுதியிருந்தீர்களே, அதையும் விடக் கூடாது. பப்பாளிப் பூ வெளிறிய நிறம், சாயங்காலம் மணக்கும். ஆண் மரத்துப் பூந்தூளைப் பெண் பூவுக்குக் கொண்டுபோவதில் ஹாக் மாத் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்திமந்தாரை, மரமல்லி மாதிரி நீளக் குழாய்ப் பூக்களுக்கும் இவைதான் விருந்தாளிகள். பூவில் உட்காராது, அந்தரத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும். மாமியாரிடம் பப்பாளியைச் சொல்லிப் பாருங்கள்.

இனி புழு விஷயம். மருந்து வேண்டாம். நந்தியாவட்டை மொட்டையானாலும் சாகாது, மழைக்காலத்தில் சில வாரங்களில் தழைத்துவிடும். மூன்று செடியில் ஒன்றைப் புழுவுக்கு விட்டுவிடுங்கள், மற்ற இரண்டில் காணும் புழுவை எடுத்து அதில் விடுங்கள். கையால் எடுக்கலாம், கடிக்காது, வாலில் இருக்கும் கொம்பும் கொட்டாது. புழு எங்கே இருக்கிறது என்று இலையில் தேடாதீர்கள், நிறம் கண்ணை ஏமாற்றும். தரையைப் பாருங்கள். மிளகு அளவில் வரி வரியாகக் கறுத்த எச்சம் கிடக்கும். அதற்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்தால் புழு இருக்கும்.

வளர்த்துப் பார்க்க ஆசையிருந்தால் சொல்கிறேன். வாளியோ பழைய கூடையோ போதும். அதே செடியின் கிளையையே தினமும் புதிதாகப் போடுங்கள், நந்தியாவட்டையில் வளர்ந்த புழு நடுவில் அரளியைக் கொடுத்தால் தொடாமல் இருந்துவிடலாம். அடியில் காய்ந்த சருகு நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். ஒரு நாள் புழுவின் முதுகு பழுப்பாக இருண்டுபோகும், தின்பதை நிறுத்திவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நோய் என்று பயப்பட வேண்டாம், கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. சருகுக்குள் போய் நாலு இழை நூல் கட்டிப் படுத்துக்கொள்ளும்.

முக்கியமான ஒன்று: பூச்சி வெளியே வந்ததும் ஏறித் தொங்குவதற்குச் சொரசொரப்பான ஒன்று வேண்டும். சாக்குத்துணி, தென்னை விளக்குமாற்றுக் குச்சி எது வேண்டுமானாலும் வைக்கலாம். கண்ணாடி ஜாடியில் வைத்தால் வழுக்கி விழும், தொங்க முடியாமல் இறக்கை சுருங்கியபடியே இறுகிவிடும், பிறகு அதற்குப் பறத்தலே இல்லை. நான் முதன்முதலில் வளர்த்த பூச்சியை அப்படித்தான் கெடுத்தேன். அந்தச் சுருங்கிய இறக்கை இன்னும் எனக்கு மனதில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீலகிரிக்காரன் என்பதால் ஒன்று சொல்லாமல் விட மனதில்லை. ஜார்ஜ் ஹாம்ப்சன் என்று ஒரு ஆங்கிலேயர் இங்கே தேயிலை பயிரிட வந்து, அந்துப்பூச்சியில் மனதைப் பறிகொடுத்தார். ஊர் திரும்பிப் போய் 1892 முதல் 1896 வரை நான்கு பெரிய தொகுதிகளில் இந்திய அந்துப்பூச்சிகளை விவரித்து எழுதினார். நம் மலையில் விளக்கடியில் விழுந்த பூச்சிகளும் அதில் உண்டு. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் கொல்லையில் இருப்பவற்றுக்குத் தமிழில் ஆளுக்கொரு பெயர்கூடக் கிடையாது. உங்களைப் போல ஒருவர் பார்த்து எழுதினால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

எள்ளுக்காடு எழுதியது:

அக்கா, உங்கள் பதிவைப் பார்த்ததும் என் கதையைச் சொல்லத் தோன்றியது. விருத்தாசலம் பக்கம் எள் போடுகிறோம், பத்துத் தேன் பெட்டியும் வைத்திருக்கிறேன்.

இரண்டு வருஷம் முன்னால் ராத்திரி மோட்டார் போடப் போனபோது ஒரு பெட்டிக்குள்ளிருந்து கீச்சு கீச்சென்று சத்தம். சுண்டெலி புகுந்துவிட்டது என்று நினைத்தேன். டார்ச் அடித்து மூடியைத் தூக்கினால், உள்ளே தேனீக்கள் மொய்க்க நடுவில் ஒரு பெரிய பூச்சி. வயிற்றில் மஞ்சள் கறுப்புப் பட்டை, முதுகில் மண்டையோடு வரைந்த மாதிரி ஒரு குறி. கண் இருக்கிற பள்ளம்கூட அப்படியே. பூச்சி அப்படிக் கத்தும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அப்பாயியிடம் சொன்னேன், எமன் அனுப்பினது, அடிக்காதே, வீட்டுப் பக்கம் கொண்டுவராதே என்றார். பிறகு தேடிப் படித்ததில் அக்கெரோன்ஷியா ஸ்டிக்ஸ் என்று தெரிந்தது. ஸ்டிக்ஸ், அக்கெரான் இரண்டுமே கிரேக்கர் கதைகளில் செத்தவர்கள் உலகத்தில் ஓடும் ஆறுகளின் பெயர். ஆக எங்கள் அப்பாயிக்கு வந்த பயம் பெயர் வைத்தவர்களுக்கும் வந்திருக்கிறது. தேன் திருடத்தான் கூட்டுக்குள் நுழைகிறது. அதன் உறிஞ்சுகுழல் மற்ற ஹாக் மாத் மாதிரி நீளம் இல்லை, குட்டையாகத் தடித்து இருக்கும், தேனடையைக் குத்திக் குடிக்கத் தோதாக. அந்தக் குழல் வழியாகக் காற்றை இழுத்து வெளியே தள்ளும்போதுதான் அந்தக் கீச்சுச் சத்தம்.

என் பெட்டியில் வந்தது காலையில் அடியில் செத்துக் கிடந்தது, கொட்டியே கொன்றுவிட்டன. எனக்குப் பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு பெட்டி வாசலில் ஒரு மூங்கில் சிம்பு வைத்துத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குக் குறைத்துவிட்டேன். இப்போது பூச்சியும் சாவதில்லை, தேனும் போவதில்லை.

இதன் புழு எங்கள் பக்கம் பெரும்பாலும் எள்ளுச் செடியில் வரும். கத்தரியிலும் பார்த்திருக்கிறேன். உங்கள் புழுவைவிடப் பெரிசு, பக்கவாட்டில் சாய்ந்த கோடுகள், வால் கொம்பு வளைந்து சொரசொரப்பாக இருக்கும். தொட்டால் பல்லைக் கடிக்கிற மாதிரி டிக் டிக் என்று சத்தம் போடும். என் நிலத்தில் ஏக்கருக்கு நாலைந்துக்கு மேல் பார்த்ததில்லை, அதனால் மருந்து அடிப்பதே இல்லை. பொறுக்கி எடுத்து வரப்பில் கிடக்கும் எள்ளில் விட்டுவிடுவேன். இது மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும், வளர்ப்பதாக இருந்தால் சருகு போதாது, ஒரு சாண் ஈரமண் வேண்டும். நீங்களும் கோடையில் கொல்லையில் எள் போட்டால் கவனித்துப் பாருங்கள் அக்கா.

கொல்லைப்புறம் எழுதியது:

ஐயா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. ஐயாவின் பதிலை நேற்று ராத்திரி படித்தேன். ரெண்டும் ஒன்றே என்ற வரியைத் தாண்டி வெகு நேரம் படிக்க முடியவில்லை. ஒரு பூச்சிக்குக் காக்காயிடமிருந்து மறைப்புக் கட்டினேன், அதே பூச்சியை நாற்பது தடவை செருப்பால் தேய்த்திருக்கிறேன். வருஷா வருஷம் அது எங்கள் கொல்லைக்கு வராமல் போனதற்குக் காரணம் நான்தான்.

காலையில் மாமியாரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பப்பாளி விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, ‘கிணற்றுப் பக்கம் இருக்கிற செடியை விட்டுடு, வாசல்பக்கத்து ரெண்டும் பிள்ளையாருக்கு’ என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார். மூன்று புழுவையும் அரிசி கழுவும் பழைய மூங்கில் கூடையில் போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரியே எச்சத்தைப் பார்த்துத் தேடியதில் இன்னும் இரண்டு குட்டிப் புழு கிடைத்தது. குட்டிக்கு வால் கொம்பு உடம்புக்குப் பொருந்தாத நீளம், கறுப்பு. அவற்றைச் செடியிலேயே விட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம். அந்துப்பூச்சி இறக்கைப் பொடி கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறான், அதனால் கேட்கிறேன்.

மாதுளை எழுதியது:

பார்வையெல்லாம் போகாது. அந்தப் பொடி இறக்கையைப் போர்த்தியிருக்கும் செதில்தான். கண்ணில் பட்டால் உறுத்தும், கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தண்ணீரில் அலசினால் போதும். பயப்பட வேண்டியது முருங்கையில் கூட்டமாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சிக்குத்தான், அந்த மயிர் பட்டால் தடிப்பும் அரிப்பும் நிச்சயம். பையனிடம் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுங்கள்: மயிர் இருந்தால் தொடாதே.

நான் திண்டுக்கல் பக்கம். இருபது மாதுளை, ஆறு கொய்யா, கொஞ்சம் நார்த்தை. எனக்கும் இந்தப் பூச்சிகளைப் பிடிக்கும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வரவேற்க முடியாது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். பழம் துளைக்கும் அந்து என்று ஒன்று உண்டு, யூடோசிமா. முன்னிறக்கை காய்ந்த இலை மாதிரி, உட்கார்ந்திருந்தால் சருகு என்று தாண்டிப் போய்விடுவீர்கள். பறந்தால் பின்னிறக்கை பளீரென்று ஆரஞ்சு, அதில் கறுப்புப் பட்டை. அழகில் உங்கள் பச்சைப் பூச்சிக்குக் குறைந்ததில்லை. ஆனால் அதன் உறிஞ்சுகுழல் நுனி ஊசி மாதிரி வலுவானது. ராத்திரியில் பழுக்கிற பழத்தைக் குத்திச் சாறு குடிக்கும். காலையில் பார்த்தால் குண்டூசி ஓட்டை, இரண்டு நாளில் அதைச் சுற்றி அழுகல், பழம் கீழே.

இதன் புழு பழமரத்தில் வளராது, சீந்தில் கொடியில் வளரும். எங்கள் வேப்பமரத்தில் சீந்தில் ஏறியிருக்கிறது, மருந்துக்காக ஊரே வந்து பறிக்கும். அதில் இந்தப் புழுவைப் பார்த்திருக்கிறேன், உடம்பை வளைத்துத் தலையைக் குனிந்து, பக்கத்துக்கு இரண்டிரண்டாகப் பெரிய கண்புள்ளிகளோடு. சீந்திலை வெட்டி எறி என்று சொன்னார்கள். மனம் வரவில்லை. அதற்குப் பதில் காய் எலுமிச்சை அளவு வந்ததும் பழைய துணிப்பை கட்டுகிறேன். வேலை அதிகம், ஆனால் பழம் தப்பிக்கிறது.

இந்த வகைப் பூச்சியைப் பார்க்க ஆசை இருந்தால் ஒரு வழி. கறுத்துப்போன வாழைப்பழத்தை நாட்டுச்சர்க்கரையோடு பிசைந்து ஒரு நாள் புளிக்க வைத்து, பொழுது சாய்ந்ததும் மரப்பட்டையில் நெஞ்சு உயரத்துக்குத் தடவுங்கள். எட்டு மணிக்கு டார்ச்சோடு போனால் பழம் குடிக்கும் கூட்டம் வந்திருக்கும். இறக்கையில் ஆந்தைக் கண் போட்ட பெரிய பழுப்புப் பூச்சிகூட எனக்கு வந்திருக்கிறது. பழத்தோட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் தடவாதீர்கள்.

தேயிலைமேடு எழுதியது:

மாதுளை சொன்னது சரி. பழக்கூழுக்கு ஹாக் மாத் அநேகமாக வராது, அவற்றுக்குப் பூதான் வேண்டும். நிலா அந்து வரவே வராது. பால் பச்சையில் நீளமாக இரண்டு வால் தொங்கும், மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் ஒதிய மரம் இருக்கும் பக்கம் பார்த்திருக்கிறேன். அதற்கு வேலை செய்கிற வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்ற சேமிப்பில் ஒரு வாரம் போல இருந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்.

எல்லா வகையும் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளை வேட்டிதான். கொடியில் கட்டி, முன்னால் ஒரு விளக்கு. அமாவாசையை ஒட்டி, காற்றில்லாமல் புழுக்கமாக இருக்கிற ராத்திரி நன்றாக அமையும். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் விடிய விடிய வேட்டியிலேயே கிடந்து, விடிந்ததும் இரட்டைவால் குருவிக்கும் மைனாவுக்கும் இரையாகிவிடும். விளக்கின் மேல் ஆசைப்பட்டு வருவதாகத்தான் நாமெல்லாம் நினைத்திருந்தோம். 2024-ல் வெளியான ஒரு ஆய்வில் வேகக் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முதுகைத் திருப்புவது இவற்றில் பலவற்றின் இயல்பு. வானம்தான் எப்போதும் தரையைவிட வெளிச்சம் என்பதால் காட்டில் அந்த வழக்கம் தலைகீழாகாமல் பறக்க உதவுகிறது. பக்கத்தில் ஒரு பல்பு இருந்தால் அதற்கு முதுகைக் காட்டிக் காட்டியே சுற்றிச் சுற்றி வந்து சிக்கிக்கொள்கிறது. அதனால் கொல்லை விளக்கை ராத்திரி முழுக்க எரியவிடாதீர்கள், முடிந்தால் வெள்ளைக் குழல்விளக்கை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பு போடுங்கள்.

கொல்லைப்புறம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஐயா, தம்பி, மாதுளை, எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கூடையில் போட்ட நான்காம் நாள் முதல் புழு இருண்டது. நீங்கள் முன்பே சொல்லாமல் இருந்தால் செத்துவிடும் என்று அழுதிருப்பேன். முதுகெல்லாம் புளி நிறம், கூடைக்குள் ராத்திரி முழுக்கச் சரசரவென்று ஓடுகிற சத்தம். மறுநாள் சருகுக்குள் போய்விட்டது. அடுத்த இரண்டு நாளில் மற்ற இரண்டும் போய்விட்டன. ஒரு வாரம் கழித்துச் சருகை ஒரு ஓரமாக மெதுவாக விலக்கிப் பார்த்தேன். பேரீச்சங்கொட்டையைப் பெரிசாக்கின மாதிரி மூன்று கூட்டுப்புழு. பழுப்பு நிறம், பக்கத்தில் வரிசையாகக் கறும்புள்ளி. ஒன்றின் மேல் மூச்சுக்காற்று பட்டதும் வால் பக்கம் சுழன்று அசைந்தது. பையன் கத்திவிட்டான்.

ஒன்று தவறிப்போனது. அந்தக் கூட்டுப்புழுவின் மேலே ஒரு ஓட்டை இருந்தது, கூடைக்குள் வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிதாக, முதுகில் முள்முள்ளாக மயிரோடு நாலு ஈ. புழுவாக இருந்தபோதே ஏதோ ஈ அதன் மேல் முட்டையிட்டிருக்கிறது, உள்ளிருந்தே தின்று வளர்ந்திருக்கின்றன. கூடைக்கு வருவதற்கு முன்பே செடியில் அது நடந்திருக்க வேண்டும். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் இத்தனை வருஷம் நான் தட்டாமல் விட்டிருந்தாலும் நந்தியாவட்டை அழிந்திருக்காது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கணக்குப் பார்க்க அங்கே வேறு ஆள் இருக்கிறது.

போன வியாழக்கிழமை, கூட்டுப்புழுவாகிப் பதினாலாம் நாள். ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தபோது கூடையில் சாக்கு அசைந்தது. பையனையும் மாமியாரையும் கூப்பிட்டேன். டார்ச்சின் மேல் மஞ்சள் துணி சுற்றிப் பிடித்தோம். அப்போதுதான் வெளியே வந்திருந்தது. உடம்பு பெரிசு, இறக்கை மட்டும் ஈரப் பூவிதழ் கசங்கினது போலச் சுண்டுவிரல் நகம் அளவு. தடுமாறித் தடுமாறிச் சாக்கில் ஏறி, பாதி உயரத்தில் நின்று, முதுகு கீழே பார்க்கத் தொங்கியது. ஐயா சாக்கு என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் நிச்சயம் ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் வைத்திருப்பேன்.

பிறகு இறக்கை இறங்க ஆரம்பித்தது. அதை எப்படிச் சொல்வது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்கிறது. ஐந்து நிமிடத்தில் விரல் அளவு, இருபது நிமிடத்தில் முழுசு. சுவரில் பார்த்த அதே அலை, அதே ரோஸ், தோளில் அதே வெள்ளை வட்டம். ஆனால் எல்லாம் புதுசு, ஒரு பொடிகூட உதிராமல். மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ‘நம்ம கொல்லையில இருந்ததா இது’ என்று மட்டும் கேட்டார். பதினொன்றரைக்கு நடுங்க ஆரம்பித்தது, அதை இந்தத் தடவை நான் பையனுக்கு விளக்கிச் சொன்னேன். கூடையைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போனோம். மழைத்தூறல் இருந்தது. அதே பப்பாளி மரத்துக்கு மேலே போனது.

மூன்றாவது கூட்டுப்புழு இன்னும் சருகில் இருக்கிறது. கனமாகத்தான் இருக்கிறது, வாலும் அசைகிறது. இரண்டு நாள்தான் பின்னால் போனது, அதனால் இன்றோ நாளையோ இருக்கும்.

கிணற்றடிச் செடி முழுசாகத் தழைத்துவிட்டது. வாசல்பக்கத்து இரண்டிலும் பூ வருகிறது, பிள்ளையாருக்குக் குறையில்லை. நேற்று துணி காயப்போடும்போது கிணற்றடிச் செடிக்குக் கீழே மிளகு மாதிரி நாலைந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன், அன்றைக்குச் செடியிலேயே விட்ட குட்டிகளில் ஒன்று, இப்போது நடுவிரல் நீளம். மாமியாரிடம் காட்டினேன். கிளை ஆடாமல் துணியைப் போடு என்றார்.

எள்ளுக்காடு தம்பி, கோடையில் ஒரு பாத்தி எள் போடுகிறேன், விதை உங்கள் பக்கத்து ரகமாகக் கிடைத்தால் சொல்லுங்கள். வெள்ளை வேட்டியும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், வருகிற அமாவாசைக்குக் கட்டப்போகிறோம். என்னென்ன வந்தது என்று இதே இடத்தில் எழுதுகிறேன்.